ஜன்னல் பக்கக் காதுக்கு மட்டும்

அய்யோ, கார்ல இருக்கிற பாட்டு செட்டைக் கழட்டிடாதீங்க தம்பி. அதுல ஒரு கோளாறும் இல்ல. வண்டியோட வந்தது, பதினோரு வருஷமா அதுபாட்டுக்குப் பாடிட்டிருக்கு. அந்த உருண்டைத் திருகும் அப்படியே இருக்கட்டும். வீட்டுக்காரிக்கு அது கைப்பழக்கம், பாக்காமலே சத்தத்தைக் கூட்டுவா.

போனை இதோட இணைக்கிற பொட்டி போன மாசமே மாட்டியாச்சு, வேற கடையில. அந்த டிராயருக்குப் பின்னாடி கையை விடுங்க... ஆமா, அதேதான். வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்கான், இல்லேங்கல. போன் வந்தா பாட்டு நிக்குது. மேப்பு போட்டா ஒரு பொண்ணு வழி சொல்லுது. பிரச்சனையே அந்தப் பொண்ணுதான்.

சிரிக்காதீங்க. அது நாலு ஸ்பீக்கர்லயும் சொல்லுது. எனக்கு மட்டும் மெதுவாக் கேட்டாப் போதும்.

பேலன்ஸா? அதையும் திருப்பிப் பாத்தாச்சு. பாட்டும் சேந்து என் பக்கம் வந்துடுது. பாட்டு அவளுக்கு வேணும். வழிதான் அவளுக்குக் கேக்கக் கூடாது.

இயர்போனா? நல்லாச் சொன்னீங்க. பட்டனை மாத்திப் போட்டாலே கண்டுபிடிக்கிறவ. காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டா விடுவாளா?

அந்த ஸ்டூலை இப்படித் தள்ளுங்க, முட்டி வலிக்குது. ம்.

கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம். ஸ்டீயரிங் என்கிட்ட, வழி அவகிட்ட. நான் பெட்ரோல் பங்குக்குள்ள போனா வந்த பக்கமே திரும்பிப் போற ஆளு. அவ அப்படியில்ல. நீலக் கேட்டு தாண்டி இடது, நாய் படுத்திருக்கிற சந்துல வலதுன்னு சொல்லிட்டே வருவா. நாய் செத்து எட்டு வருஷமாச்சு, இன்னும் அது நாய்ச் சந்துதான். என் தம்பி கிண்டலடிப்பான், அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், போகத் தெரிஞ்சது அண்ணிக்குத்தான்னு.

பொட்டி மாட்டின மறுநாள் மக வீட்டுக்குக் கிளம்பினோம். பாலத்துக்கிட்ட இவ வலதுன்னா, அது இடதுன்னுச்சு. நான் இடது திருப்பிட்டேன். கை தானாப் போயிடுச்சு தம்பி. சண்டை போட்டிருந்தாலும் பரவாயில்ல. திரும்பி வரும்போது பின் கதவைத் திறந்து பின்னாடி உக்காந்துட்டா. இன்னிக்கு வரைக்கும் பின் சீட்டுதான். வாடகை வண்டிக்காரன் மாதிரி நான் முன்னாடி ஒத்தையா.

என்னது, தலை சாயுற குஷன்லயா? குட்டி ஸ்பீக்கரா? ஜன்னல் பக்கக் காதுக்கிட்டயா? அட, இதை அந்தக் கடைக்காரன் சொல்லவே இல்லியே! சும்மா ஒட்டிப் பாத்துடலாமா? நீங்க முன்னாடி அவ சீட்ல உக்காருங்க. போடுங்க... எனக்குக் கேக்குது. உங்களுக்கு? நெசமாவா? பாட்டைக் குறைச்சுட்டுப் பாருங்க. அப்பவும் கேக்கலியா. அப்பாடா.

ம்? பேசாம அவ சொல்ற வழியிலயே போகலாமேங்கறீங்களா? போனேனே. இந்தப் பொட்டி மாட்டறதுக்கு முன்னாடி மூணு மாசம் அப்படித்தான் போனேன். மக வீட்டுக்குன்னு கிளம்பி ரெண்டு மணி நேரம் சுத்தி, ஒரு மரக்கிடங்கு வாசல்ல போய் நின்னோம். வந்தாச்சு, இறங்குங்கன்னா. இவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ இவ அப்பா வீடு அங்கதான் இருந்துச்சாம். மக பேரைக் கேட்டேன், யோசிச்சா. டாக்டர் இனிமே கூடிக்கிட்டேதான் போகும்னுட்டாரு.

அதான், அவபாட்டுக்குச் சொல்லட்டும். நான் சரி சரின்னு சொல்லிட்டு இது காட்டுற பக்கம் போயிக்கறேன். என்ன சொன்னோம்னு அடுத்த முக்குல அவளுக்கு நினைவிருக்காது. வருத்தம் மட்டும்தான் மறக்க மாட்டேங்குது, பாத்துக்குங்க.

சரி, கெட்டியாவே மாட்டிடுங்க. முடிச்சதும் ஒரு குரல் குடுங்க தம்பி. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா. எனக்கு வீட்டுக்கு வழி தெரியல, முன்னாடி வந்து சொல்லுன்னு கூப்பிடணும்.