மூக்கால் அமுக்கும் பட்டன்

“அந்தச் சிவப்பு பட்டனை எடுத்துட்டா எங்கம்மா முழுகிடும் மாமு.”

வானம் கறுத்திருந்த மாலையில், மணலி போகும் பேருந்தில், முன் இருக்கையிலிருந்து இது காதில் விழுந்தது. இரண்டு இளைஞர்கள், ஒருவன் மடியில் மடிக்கணினி. வெள்ளத்தில் மாட்டியவர்கள் ஒரு பட்டனை அமுக்கிப் படகு கூப்பிட, ஊர்க்காரர்களே சேர்ந்து எழுதிய திறமூல மென்பொருளாம். அதன் இணையதளத்தைப் புதுப்பிக்கப் போகிறார்கள்.

“பழசு கலீஜா கீது நைனா. பட்டனை மெனுக்குள்ள வெச்சிட்டேன். சின்னதா, நீட்டா.”

“தண்ணில நின்னா கையெல்லாம் ஈரம். ஈர வெரலுக்கு ஃபோன் கேக்காது. சடையங்குப்பத்துல நாங்கல்லாம் மூக்காலதான் அமுக்குவோம். நீ புதுசுல அமுக்கு, பாப்போம்.”

மடிக்கணினிக்காரன் தன் ஃபோனை எடுத்து மூக்கால் அமுக்கினான்.

“இன்னா வந்துச்சு?”

“‘உதவியவர்களுக்கு நன்றி’ன்னு வருது.”

“எங்கம்மா கழுத்து வரிக்கும் தண்ணில நின்னுகினு அதைப் படிக்கட்டும்.”

மடிக்கணினிக்காரன் மெனுவிலிருந்து பட்டனை வெளியே இழுத்துப் போட்டான்.

“பட்டன் அப்டியே இருக்கட்டும் நைனா. இன்னும் பெருசாவே வெச்சிடலாம்.”

எனக்கும் வீடு சடையங்குப்பம்தான். பயத்தில் நானும் என் ஃபோனில் அந்தத் தளத்தைத் திறந்து, பட்டனிடம் மூக்கைக் கொண்டுபோய்விட்டேன். அமுக்கினால் பேருந்துக்குப் படகு வந்துவிடும் என்பது கடைசி நொடியில்தான் உறைத்தது.

ஜன்னல் வழியே முதல் தூறல் முகத்தில் விழுந்தது. கைக்குட்டையை எடுத்து, மூக்கை மட்டும் நன்றாகத் துடைத்து வைத்துக்கொண்டேன்.