ஏழின் நூறாம் அடுக்கு

பிள்ளைகளே, பஸ்ஸில் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். கல்முனையில் போட்டிப் பரீட்சை வகுப்பு முடிந்து, இரண்டு யுவதிகள் எனக்கு முன்சீட்டில் நிந்தவூருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“மச்சி, நீ பெயிலாகணும் எண்டு நேத்து அல்லாஹ்கிட்ட துஆக் கேட்டன்,” என்றாள் ஒருத்தி.

“ஏன்டி?”

“நம்மட ஊருக்கு ஒரு வேலைதானே. நீ எல்லாக் கணக்கும் செய்றாய். எனக்கு வயிறெரியுது.”

மற்றவள் சிரித்தாள். “உனக்கு எது வரல்ல?”

“நூறு ஏழ ஒண்டோடொண்டு பெருக்கினா வாற விடையில கடைசி இலக்கம் என்ன எண்ட கணக்கு.”

“ஏழு, ஒன்பது, மூணு, ஒண்டு. கடைசி இலக்கமா இந்த நாலும்தான் திரும்பத் திரும்ப வரும். நூறு நாலால மீதியில்லாமப் பிரியும். அப்ப நாலாவதா வாற ஒண்டுதான்.”

“இவ்வளவு லேசா?”

“இனி துஆவ மாத்துவியா?”

“ஓம். நீ ரெண்டாவதா வரணும் எண்டு கேக்கன்.”