முகட்டு வளை

சுவரில் ஆணி அடிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. ஜெயராஜாவும் அவன் மனைவி டினுஷாவும் அப்படிப்பட்டவர்கள் இல்லை. அமிர்தகழியில் என் வீட்டில் குடியிருந்த காலம் முழுக்க ஒரு கலண்டர்கூட மாட்டவில்லை. அப்படி ஆட்கள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் ஐயா. அவர்களை இழக்க எனக்கு மனமில்லை.

அந்த வீடு என் மகள் மேனுகாவின் சீதனம். சித்தாண்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வரும்போது அதில் ஆள் குடியிருக்க வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீட்டை யார் நம்புவார்கள்?

டினுஷா பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவள். ஒருநாள் எனக்குப் போன் எடுத்தாள்.

"சேர், கதவு நிலையில கறையான் ஏறி இரிக்கு. ஒருக்கா வந்து பாருங்க."

உடனே போனேன். மண் கோடுகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பெயின்ட் அடித்தேன். வாவிக்கரை ஈரத்துக்குக் கறையான் வரத்தான் செய்யும் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் விளங்கப்படுத்தியவன் நான். அவள் தலையாட்டினாள். ஆனால் கொஞ்ச நாளில் மறுபடியும் போன். இந்த முறை கூரையிலிருந்து தூள் கொட்டுகிறதாம்.

கறையான் மருந்து அடிக்கும் ஜொய்சனை நானே மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அவன் ஏணியில் ஏறி, கூரையைத் தாங்கும் முகட்டு வளையில் ஸ்குரூ டிரைவரை வைத்து அழுத்தினான். பிடிவரை உள்ளே போனது.

"சேர், இது மருந்துக்குச் சரிவராது. உள்ளுக்க வெறும் மண். மழைக்கு முதல் கூரையைக் கழட்டி வளையை மாத்துங்க. அதுவரைக்கும் இந்த அறையில ஒருத்தரையும் படுக்க விடாதீங்க."

கூரையைக் கழற்றினால் ஊர் பார்க்கும். கறையான் தின்ற சீதன வீடு என்று பேச்சு வந்தால் என் பிள்ளையின் கலியாணம் என்னாவது? அந்த ஓட்டையை அடைத்துவிடச் சொன்னேன். ஜொய்சன் மாட்டேன் என்று இறங்கிப் போய்விட்டான். நானே அடைத்து, நல்ல மண்ணிறப் பெயின்ட் பூசினேன். பின்னேரம் டினுஷாவிடம் சொன்னேன்: "பயப்பட ஒண்டுமில்ல மகள். மருந்து அடிச்சாச்சு."

"பெரிய உபகாரம் சேர்" என்றாள்.

அந்த அறையில், வளைக்கு நேர் கீழே, என் மனைவியின் தேக்கு அலுமாரி நின்றது. மழைக்கு முன் அதை எடுத்துவிட்டேன். நல்ல மரம். ஜெயராஜா தன் ஓட்டோவை நிறுத்திவிட்டு வந்து ஒரு பக்கம் பிடித்தான். அலுமாரி போனதும் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

"சேர், கட்டிலை இங்க போடட்டா? யன்னல் காத்து வரும்."

எதையும் கேட்டுச் செய்கிற பிள்ளை. "போடுங்க மனே" என்றேன். கட்டிலின் மற்றப் பக்கத்தை நான்தான் பிடித்தேன்.

பிறகு கார்த்திகை மழை. ஓட்டோ ஓட முடியாத ஒரு மத்தியானம் அவன் சோறு தின்றுவிட்டு அந்தக் கட்டிலில் படுத்திருந்தான். டினுஷா பாமசியில் இருந்தாள். அவளாவது தப்பினாளே என்று மாமாங்கேஸ்வரர் கோயிலில் அர்ச்சனை செய்தேன்.

வளை விழும் என்று தெரியுமா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். தெரியும். தெரியாமலா அலுமாரியை எடுப்பேன்? அவனிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் வீட்டை விட்டுப் போயிருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த கிழமை வருவதாக இருந்தது.

செத்த வீட்டுக்குப் பந்தலும் கதிரையும் நான்தான் ஒழுங்கு செய்தேன். டினுஷா என் முகத்தைப் பார்க்கவில்லை. கவலையில் இருப்பாள். வீட்டுப் பூட்டின் திறப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் போய் அதைக் கேட்க எனக்கு மனம் வராது, ஐயா. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.