கல்லை மிதித்தால் எழுபவன்

விழுப்புரத்தில் பேருந்து ஏறியதுமே தூங்கிவிடலாம் என்றிருந்தேன். முன் இருக்கையில் கல்லூரிப் பைகளோடு ஒரு பையனும் பெண்ணும். அவன் கைபேசி விளையாட்டில், கறுப்புக் கவசம் போட்ட ராட்சத 'பாஸ்' வில்லன் ஒருவனிடம் மறுபடி மறுபடி செத்துக்கொண்டிருந்தான்.

"இவன் கெட்டவனே இல்லடா," என்றாள் அவள். என் தூக்கம் போயிற்று.

"ஒரு வாரமா என்னைக் கொன்னுக்கினு இருக்கான். கெட்டவன் இல்லியா? வீடியோ போடுறவங்கல்லாம் இவன் பழைய ராஜான்றாங்க. சிம்மாசனத்தக் காக்குறானாம்."

"அந்த ரூம்ல சிம்மாசனம் எங்க இருக்கு? நடுவுல ஒரு கல்லுதான். நீ உள்ள போறப்ப சும்மாதான குந்திக்கினு இருக்கான்? அந்தக் கல்லு மேல நீ கால் வெச்சாதான எழுந்து வர்றான்?"

"ஆமா."

"அது கல்லறைடா. கல்லறைத் திருநாளுக்கு சுண்ணாம்பு அடிச்சி, பூ வெச்சி, மெழுகுவத்தி ஏத்திக்கினு இருக்கறப்ப எவனாவது மேல ஏறி நடந்தா, எங்கம்மாகூட அப்டிதான் எழுந்து வருவாங்க."

விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் பேருந்து நின்றது. அவன் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தான்.

"கல்லறைன்னா இவ்ளோ சின்னதாவா இருக்கும்?"

"எங்க தம்பியோடது அவ்ளோதான் இருக்கு."

பேருந்து நகர்ந்தது. அவன் ஆட்டத்தை மறுபடி தொடங்கினான். இந்த முறை கல்லைச் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நடந்தான். கவசக்காரன் உட்கார்ந்தே இருந்தான்.