தொட்டிக்குள் வெள்ளைக் கற்கள்

எனக்கு நிறங்களைப் பிடிக்கும். அதைத் தவிர என்னிடம் சொல்லும்படியான பழக்கம் எதுவும் கிடையாது, இன்ஸ்பெக்டர் அய்யா. வெற்றிலை போடுவதில்லை. கடன் வாங்குவதில்லை. பெயர் சங்கரபாண்டியன், வயது முப்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை. விருதுநகரில் வீடு. சிவகாசி ரோட்டில் வெடி கம்பெனியில் ஒன்பது வருஷமாகப் போர்மேன். இதெல்லாம் உங்கள் தாளில் ஏற்கெனவே இருக்கும்.

மத்தாப்புக்குப் பச்சையும் சிவப்பும் தருகிற கலர் மருந்து என் பொறுப்பு. எந்த உப்பை எவ்வளவு சேர்த்தால் எந்தப் பச்சை வரும் என்பது கண்ணை மூடிக்கொண்டாலும் எனக்குத் தெரியும். ஆனால் நான் செய்த பச்சை எதுவும் மூன்று விநாடிக்கு மேல் நின்றதில்லை. நூலகத்தில் எடுத்த ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் கடலுக்கடியில் ஒரு பவளத் தோட்டம் வந்தது. யாரும் பார்க்காமலே அங்கே நிறங்கள் வருஷக்கணக்காக நின்றுகொண்டிருந்தன. அந்தப் பக்கத்தைப் பல தடவை படித்துவிட்டுக் கடலோர மண்டபம் ஊருக்கு ரயில் ஏறினேன்.

சங்கு குளிக்கிற ஒருவர் உயிருள்ள பவளம் எடுத்துத் தந்தார். பீங்கான் ஊறுகாய் ஜாடிகளில் கடல் தண்ணீரோடு கொண்டுவந்தேன். மதுரையில் நாலடிக் கண்ணாடிப் பெட்டி செய்து ஜன்னலோரம் வைத்தேன். லாரி டியூபில் காற்றடித்து, அதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் வழியாகத் தண்ணீருக்குள் குமிழி விட ஏற்பாடு செய்தேன். காய்ந்த இறாலைப் பொடித்து ஊட்டினேன். முதல் இரண்டு வருஷம் வந்ததெல்லாம் செத்தது. பவளம் செத்தால் வெறும் வெள்ளைக் கல். எறிய மனம் வராமல் கொல்லையில் அடுக்கிவைத்தேன்.

பிறகு காரணம் பிடிபட்டது. நம் ஊர் வெயிலுக்குப் பெட்டியில் தண்ணீர் வற்றும், உப்பு மட்டும் தங்கிவிடும். வற்றிய அளவுக்குத் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். பருப்பு வேகாத நம் கிணற்றுத் தண்ணீர் அதற்கு விஷம். மழைத் தண்ணீர்தான் ஒத்துக்கொண்டது.

மழைத் தண்ணீர் கம்பெனியில் இருந்தது. ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. காலையில் அது சிவப்புக் கோடு வரை நிறைந்திருப்பதைப் போர்மேன் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் மருந்தைத் தொடுவார்கள். தொண்டை வறண்டு போனாலும் யாரும் அதில் ஒரு கை அள்ளிக் குடிக்க மாட்டார்கள். அது தீக்கு என்று விட்டது. மற்ற ரூம்களுக்குக் கிணற்றுத் தண்ணீர். அதன் உப்பு ஒட்டிய கையோடு மருந்தைத் தொட்டால் பச்சை மஞ்சளடிக்கும் என்பதால், கலர் ரூம் தொட்டிக்கு மட்டும் ஐப்பசி மழையைப் பிடித்துத் தரைக்கடியில் ஒரு தொட்டியில் சேர்த்து ஊற்றும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்த ரூமில்தான் அய்யம்மாள் வேலை பார்த்தாள். குழாயில் மருந்து செலுத்துகிற வேலை. தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டு ஒரு சாயங்காலம் புருஷன் வேலுச்சாமியோடு என் வீட்டுக்கு வந்தாள். வேலுச்சாமி அதே கம்பெனியில் பெட்டி கட்டுகிறவர். அவர் வாசலிலேயே நின்றுகொண்டார். அவள் மட்டும் கண்ணாடியில் மூக்கு உரச வெகுநேரம் பார்த்தாள்.

“கல்லுன்னீக அய்யா. இது மூச்சு விடுதே” என்றாள்.

என் வீட்டுக்கு வந்தவர்களில் அதைக் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான். அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அறுபத்தாறு கோடையில் தரைத் தொட்டி வறண்டது. மிஞ்சிய மழைத் தண்ணீர் கலர் ரூம் வாசல் தொட்டியில் இருந்தது மட்டும்தான். பழைய ஆசிட் ஜாடிகள் இரண்டைக் கழுவி, தினமும் நிரப்பி, சைக்கிள் கேரியரில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனேன். பெண்கள் பார்த்தார்கள். அய்யம்மாள்தான் கேலி பேசுவாள்.

“இம்புட்டுத் தண்ணி குடிக்குதே, ஒரு நாளாச்சும் ஒங்க கல்லுக்குக் காப்பி ஊத்துனீகளா அய்யா?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

தொட்டியில் கோடு இறங்கியது. கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஊற்றினால் மிச்சமிருக்கும் நல்ல தண்ணீரும் கெட்டுப்போகும். அதனால் கொல்லையில் கிடந்த வெள்ளைக் கற்களைச் சாக்கில் கொண்டுவந்து, வேலையாட்கள் வருமுன் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குள் இறக்கினேன். தண்ணீர் கோட்டுக்கு ஏறியது. தூசி விழாமலிருக்கத் தொட்டியை ஓலைத் தட்டி மூடியிருக்கும், கோட்டருகே மட்டும் ஒரு சாண் திறப்பு. தினமும் காலையில் நான் அதைப் பார்த்துத் தலையசைத்தேன். பொய்யாக அசைக்கவில்லை. தண்ணீர் கோட்டில்தான் நின்றது.

மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காலை பெட்டியில் பச்சைப் பவளத்தின் ஓரம் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பதினோரு மணிக்கே ஜாடிகளை நிரப்பிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே புஸ் என்று ஒரு சத்தம். கலர் மருந்து எரியும், அவ்வளவாக வெடிக்காது. மூன்று பெண்கள் வெளியே ஓடி வயலைத் தாண்டிவிட்டார்கள். கடைசியாக வந்த அய்யம்மாளின் சேலையில் தீ பிடித்திருந்தது.

அவள் பதறவில்லை. பழக்கியபடியே செய்தாள். தட்டியை இழுத்துப் போட்டு, வாளியைத் தொட்டிக்குள் அமுக்கினாள். வாளி கல்லில் இடித்தது. வேறு பக்கம் அமுக்கினாள். அங்கும் கல். அப்புறம் காலைத் தூக்கி உள்ளேயே இறங்கினாள். தண்ணீர் அவள் கணுக்காலைக்கூட மூடவில்லை. குனிந்து கற்களைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். எங்களுக்கு நடுவில் பத்தடி இருக்கும்.

“அய்யா, தண்ணி” என்றாள். கத்தவில்லை.

என்னிடம் இரண்டு ஜாடி தண்ணீர் இருந்தது. சைக்கிளை வேப்பமரத்தடிக்கு நகர்த்தி நிறுத்தினேன். ஜாடிகள் கண்ணாடி, யாராவது மோதினால் உடைந்துவிடும். மேலெல்லாம் மருந்து படிந்திருந்ததால் அவள் சேலையின் ஓரம் பச்சையாக எரிந்தது. நான் செய்த பச்சைகளில் அதிக நேரம் நின்றது அதுதான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். விசாரணைக்கு வந்தவர்கள், நான் மறுபடி மூடிவைத்திருந்த தட்டியின் திறப்பில் கோட்டை மட்டும் பார்த்துவிட்டு, தொட்டி கோடு வரை நிறைந்திருந்ததாகவும் அவள்தான் பயத்தில் பயன்படுத்தத் தவறியதாகவும் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அன்று ஊற்றிய தண்ணீரில் பவளம் தேறிவிட்டது. முன்னைவிட நல்ல பச்சை. சில சமயம் அந்தப் பச்சையை நேராகப் பார்க்க முடியாமல் பக்கவாட்டில் திரும்பி நின்று பார்ப்பேன். அதன் விரல்கள் விரிந்து, எதையோ கேட்பதுபோல ஒரே பக்கமாக நீண்டிருக்கும்.

போன மாதம் வேலுச்சாமியைத் தொட்டி கழுவச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் ஒரு சாக்கைச் சுமந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

“இது ஒங்க கல்லுதான அய்யா? தொட்டியக் களுவயில கெடந்துச்சு.”

ஆமாம் என்றேன். சாக்கை வாசலில் இறக்கிவைத்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

“மூச்சு விடுதுன்னு சொன்னா. பாத்துட்டுப் போறேன்” என்று ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

அன்றிலிருந்து தினமும் வருகிறார். வேலை விட்டு நேராக வந்து, இருட்டும்வரை அங்கேயே நிற்கிறார். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மேற்கு வெயில் முழுவதையும் அவர் உடம்பு மறைக்கிறது. நிழல் பட்டதும் பவளம் மூடிக்கொள்கிறது. பதினேழு நாளாக அது சரியாக விரியவில்லை, ஓரம் மறுபடி வெளுக்கிறது. போகச் சொன்னால் கேட்பதாகத் தெரியவில்லை.

அதனால்தான் வந்தேன். கற்களைப் போட்டது நான், தண்ணீரைக் கொடுக்காதது நான், அய்யம்மாளைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவரைக் கொஞ்சம் விலகி நிற்கச் சொல்ல வேண்டும். கண்ணெதிரே ஓர் உயிர் வாடிக்கொண்டிருக்க, ஒரு மனிதர் எப்படித்தான் அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாரோ, எனக்கு விளங்கவில்லை.