ஆற்றங்கரைக் கல்

— இவ்வளவு பெரிய கல்லை எதுக்கு எடுத்தீங்க, தோன் சிரிலோ? உச்சியில வீடா கட்டப் போறீங்க?

— வேண்டுதல் பெருசு, எர்மீனியா. கூழாங்கல்லு கொண்டுபோனா மலை மதிக்காது.

— மலைக்கு எடை போடத் தெரியாது. கல்லு ஆத்தங்கரையில எடுத்ததா, கீழயிருந்து சுமந்து வந்ததா, அதைத்தான் பாக்கும்.

— நீங்க சொன்னதைத்தானே செய்யுறேன். சந்தையில அத்தனை பேர் முன்னாடி, என்னைக் கட்டிக்கிறீங்களான்னு கேட்டேன். கணவாய் உச்சிக்கு வாங்க, கல்லை வச்சதும் பதில் சொல்றேன்னீங்க.

— உருளைக்கிழங்கு நிறுத்துட்டிருந்தேன். அந்த நேரத்துல வேற என்ன சொல்ல?

— இருபது வயசுல இந்த மலையை ஓடியே ஏறினவன் நான்.

— அப்புறம் முப்பது வருஷம் மினிபஸ் டிரைவர் சீட்டுல உக்காந்தீங்க. ம், நடங்க.

— நீங்க முன்னாடி போங்களேன்.

— நீங்க விழுந்தா யார் பாக்கிறது? போங்க.

— லாமா ஒண்ணு நீளக் கழுத்தை ஆட்டிக்கிட்டு நம்மளைத் தாண்டிப் போகுது.

— அதுவும் மூட்டையோடதான் போகுது. மூச்சு வாங்காம இருக்கணும்னா பேசாம கோக்கா இலையைக் கன்னத்துல அடக்குங்க.

— உங்களுக்கு மட்டும் எப்படி மூச்சு வாங்கலை?

— எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். முட்டி வலி, இடுப்பு வலி, மக பேசுற பேச்சால தலைவலி. போன வருஷம்தான் திரும்ப மலையேற ஆரம்பிச்சேன். இப்போ தலைவலி மட்டும்தான் பாக்கி.

— பாருங்க, எனக்கு இஞ்சின் சூடாயிடுச்சு. அடுத்த வளைவு வரைக்கும் இந்தக் கல்லை உங்க மூட்டையில போட்டுக்கிறீங்களா?

— என்ன பேச்சு இது? அடுத்தவங்க கல்லைத் தொடலாமா? எங்க ஊர்ல புருஷன் கல்லைப் பொண்டாட்டி சுமப்பா, பொண்டாட்டி கல்லைப் புருஷன் சுமப்பான். வேற யார் சுமந்தாலும் ஊரே சிரிக்கும்.

— இங்க ஊர் ஏது? லாமாதான் இருக்கு.

— லாமா போதும்.

— சரி. அந்தப் பாறைக்குப் பின்னால ஒதுங்கிட்டு வரேன். அந்தப் பக்கம் திரும்பிக்குங்க.

— திரும்பித்தான் நிக்கிறேன். பாக்க ஆசையா எனக்கு?

— வந்துட்டேன். போலாம்.

— நடை திடீர்னு லேசாயிடுச்சே.

— இலை வேலை செய்யுது.

— நல்ல இலைதான். நீங்க போயிட்டே இருங்க, நானும் ஒதுங்கிட்டு வரேன். அந்தப் பாறை வசதியா இருக்கு.

— அது வேண்டாமே. அங்க காத்து அடிக்குது. வேற பாறை பாக்கலாம்.

— ஒதுங்கிற இடத்துக்குமா உங்க யோசனை? போங்க.

— எர்மீனியா, இவ்வளவு நேரமா?

— பாவாடை அஞ்சு அடுக்கு. வந்துட்டுத்தான் இருக்கேன், நடங்க.

— என்ன, இப்போ உங்களுக்கு மூச்சு வாங்குது?

— வயசாகுது.

— காலையில ஆடு மாதிரி ஏறினீங்களே.

— காலையில வயசு கம்மி.

— அதோ, கல்லுக்குவியல். பாருங்க, வந்தே சேர்ந்துட்டேன்.

— சும்மா சொல்லக்கூடாது, வந்துட்டீங்க. கல்லை வைங்க.

— வச்சாச்சு.

— இதுவா? காலையில பூசணிக்காய் மாதிரி இருந்துதே.

— வழியில தேஞ்சிருக்கும்.

— ஆத்துக்கல்லு உருண்டையா இருக்கும். இது மூலை மூலையா இருக்கு. தேஞ்சா மூலை முளைக்குமா?

— இல்லை. இது இப்போ இங்க குனிஞ்சு எடுத்தது. அதைப் பாறைக்குப் பின்னாலயே போட்டுட்டேன். முட்டி சொன்ன பேச்சு கேக்கலை. தனியா சமைச்சு, தனியா சாப்பிட்டு, ஒத்தைத் தட்டைக் கழுவிக் கவுத்து வைக்கிறது வெறுத்துப்போச்சு, எர்மீனியா. அதுக்குத்தான் ஏறினேன். ஏறினது நிஜம், கல்லுதான் பொய். உங்க பதில் என்னன்னு எனக்குத் தெரியும், வாயால சொல்ல வேண்டாம். இறங்கலாம்.

— பேசி முடிச்சாச்சா?

— முடிச்சாச்சு.

— அப்போ இந்த மூட்டை முடிச்சை அவுத்துவிடுங்க, தோள் விட்டுப்போச்சு. மேல இருக்கிற சின்னக் கல்லு என்னுது. அடியில கிடக்கிற பூசணிக்காய் உங்களுது.