ஏழு நாளும் ஒரு பிஸ்கட் டப்பாவும்

முத்திரை குத்தும் மைப்பெட்டி காய்ந்துபோனால் உடனே புதுசு கேட்க வேண்டியதில்லை. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் இன்னும் ஒரு மாதம் ஓடும். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வருகிறவரிடம் இதை யாராவது சொல்லுங்கள்.

என் வாக்குமூலத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. ஆனால் எழுதியதை எனக்குத் திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். நான் நாலாம் வகுப்பு. படித்தவர்கள் நான் சொன்னதைத்தான் எழுதுகிறார்கள் என்று நம்பிக் கெட்டது போதும்.

கல்லூரியில் மாணவர் சேவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் கடைநிலை ஊழியன். புகார்ப் பெட்டியின் சாவி என் இடுப்பில் இருக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால், கல்லூரிகளைக் கண்காணிக்கும் ஆணையத்திலிருந்து புது விதி வந்தது. மாணவர் கொடுக்கும் புகாரை ஏழு நாளுக்குள் தீர்க்க வேண்டும், தீர்ந்ததற்கு மாணவரே கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் கல்லூரியின் அங்கீகாரத்துக்கே ஆபத்து. பதிவாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். மின்விசிறி மாற்றவே எங்களுக்கு இருபது நாள் ஆகும்.

வழி கண்டுபிடித்தது நான். ஏழு நாள் என்பது முத்திரை குத்திய தேதியிலிருந்துதானே? அப்படியானால் விசிறி வந்து இறங்கிய பிறகு முத்திரை குத்தினால் போயிற்று. அதுவரை புகார்ச் சீட்டு என் மேசைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் தூங்கும்.

பதிவாளர் சிரித்தார். "யோவ், நீ மட்டும் படிச்சிருந்தா என் நாற்காலியில உக்காந்திருப்பே."

அந்த வருடம் வந்த புகார் நானூற்றுப் பன்னிரண்டு, தீர்ந்தது நானூற்றுப் பன்னிரண்டு. ஆணையம் பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. அதைச் சட்டம் போட்டு, ஆணியடித்து மாட்டியவன் நான்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டீர்கள். வாயாடி என்றுதான் கூப்பிடுவேன். பெண்கள் விடுதியில் மூன்றாம் மாடி. அடையாள அட்டை தொலைந்துவிட்டது என்று முதலில் வந்தாள். பிறகு சும்மாவே வருவாள். என் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்து, எது காலையில் எது மாலையில் என்று பேனாவால் குறித்துக் கொடுப்பாள். பெரியப்பா என்பாள். என் சொந்த மகள் போனை எடுத்தாலே அதிசயம். நான் யாரிடமும் ஒட்டாதவன், இவளிடம் ஏமாந்தேன்.

அவளுடைய புகார் அந்த மூன்றாம் மாடியின் பின்பக்க மாடத்துக் கைப்பிடிக் கம்பி பற்றியது. அடியில் துருப்பிடித்து ஆடியது உண்மைதான். அந்த மூலையில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் கம்பியில் சாய்ந்துகொண்டு அம்மாவிடம் பேசுவாள். சீட்டைப் பெட்டியில் போடாமல் என் கையிலேயே கொடுத்தாள். வெல்டிங் வேலைக்கு அனுமதி வர மூன்று மாதம் ஆகும். சீட்டு டப்பாவுக்குப் போனது. அந்த மூலைக்கு யாரும் போகாமல் குறுக்கே சிவப்புக் கயிறு கட்டினேன். கட்டச் சொல்லி எனக்கு யாரும் உத்தரவு போடவில்லை. இதையும் எழுதுங்கள்.

ஐந்து சீட்டுக் கொடுத்தாள். ஐந்தாவது தடவை நேராகவே கேட்டாள்.

"என்ன பெரியப்பா, என் சீட்டெல்லாம் எங்க போய் ஒளிஞ்சுக்குது? அம்மாகிட்ட மாடிப்படியில நின்னு பேசினா பாதிதான் கேக்குது. தினம் அழறாங்க."

அவள் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை. டப்பாவை எடுத்துக் காட்டினேன். முத்திரை விவகாரம் முழுவதையும் சொன்னேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. என் பொழைப்பு."

"சத்தியமா சொல்ல மாட்டேன் பெரியப்பா."

பதினோரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, ஆணையத்தின் ஆய்வுக் குழு வந்தது. மாணவர்களைக் கூடத்தில் உட்கார வைத்து, குறை உண்டா என்று கேட்டார்கள். வாயாடி எழுந்தாள். கம்பியைப் பற்றிச் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "சீட்டெல்லாம் மேசைக்கு அடியில ஒரு பிஸ்கட் டப்பால இருக்கு" என்றாள்.

டப்பாவைத் திறந்தார்கள். அறுபத்து மூன்று சீட்டு. எண்ணிக் குறித்துக்கொண்டு டப்பாவை என் மேசையிலேயே திரும்ப வைத்தார்கள்.

பதிவாளர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இதெல்லாம் எனக்குத் தெரியாம இந்த ஆள் பண்ண வேலை" என்றார். அவரிடம் நான் வேறெதையும் எதிர்பார்க்கவில்லை. நாற்காலியில் இருப்பவன் அப்படித்தான். பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றச் சொன்னார்கள், மாட்டிய நானே கழற்றினேன். வாரக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் காவலுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு. வெல்டிங் ஆள் வர இன்னும் பத்து நாள் ஆகும், அதுவரை கயிறு அப்படியே இருக்கட்டும் என்றும் பதிவாளர் சொன்னார். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

புதன்கிழமை காலையில், பெண்கள் வகுப்புக்குப் போன பிறகு, மாடிக்குப் போனேன். கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். கிடங்கில் அரை டப்பா பச்சைப் பெயிண்ட் மீதி இருந்தது. வீணாகப் போகிறதே என்று கம்பிக்கு அடித்தேன். துரு இருந்த இடத்தில் இரண்டு பூச்சு. இத்தனை வருடத்தில் நான் செய்த வேலைகளில் சுத்தமான வேலை அது.

மத்தியானம் வாயாடி வந்தாள். கண் சிவந்திருந்தது.

"பெரியப்பா, எம்மேல கோவமா? அடுத்த வருஷம் சின்னப் பொண்ணுங்க வருவாங்க, அதான் பொறுக்க முடியல. உங்க பேரை நான் சொல்லவே இல்ல."

"டப்பாவுக்கு என் பேரு தெரியாதாம்மா?"

தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு கேட்டாள். "கயிறு இல்லையே, கம்பி பச்சையா இருக்கே. சரி பண்ணிட்டாங்களா?"

"பண்ணியாச்சு."

"அதுக்குள்ளயா? நல்லா பண்ணியிருக்காங்களா?"

"பெயிண்ட் காயணும். இன்னைக்குக் கை வைக்காதே, ஒட்டிக்கும். நாளையிலேர்ந்து நல்லா சாஞ்சுக்கிட்டுப் பேசு."

பல் தெரியச் சிரித்தாள். நான் ஐந்து சீட்டையும் எடுத்து, அவள் எதிரிலேயே அன்றைய தேதி முத்திரை குத்தினேன். தீர்ந்தது என்ற கட்டத்தில் ஐந்திலும் கையெழுத்துப் போட்டாள். கடைசிச் சீட்டில் மட்டும் "நன்றி பெரியப்பா" என்று சேர்த்து எழுதினாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே காலுக்கு நான் கீழே, விடுதியின் பின்வாசலில்தான் இருந்தேன். அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை ஐயா, நானும் காப்பாற்றவில்லை. கணக்கு நேராகிவிட்டது என்றுதான் நினைத்தேன். மூன்று மாடி விழுந்தும் அவள் போன் மட்டும் உடையவே இல்லை. சிமென்ட் தரையில் கிடந்து அம்மாவின் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அணைக்கத் தெரியாமல் துண்டைப் போட்டு மூடினேன்.

பதிவேட்டை எடுத்துப் பாருங்கள். ஐந்து சீட்டுக்கும் தேதி இருக்கிறது, முத்திரை இருக்கிறது, அவள் கையெழுத்தும் இருக்கிறது. எல்லாம் ஒரே நாளில் தீர்த்தது. அதற்குப் பிறகு அந்தக் கம்பியைப் பற்றி அவளிடமிருந்து எந்தப் புகாரும் வரவில்லை.